80 வாட்னு போட்டிருக்கற மலிவு லேசர் மெஷினை வாங்கலாமா?

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்: சின்ன பட்டறை, மரத்துல பேர்ப்பலகையும் சாவிக்கொத்தும் பண்றீங்க, இனிமே லேசர்ல பண்ணலாம்னு யோசனை, அக்ரிலிக்ல எழுத்து வெட்டணும், ஸ்டீல் பாட்டில்ல பேர் போட்டுத் தருவீங்களான்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருக்காங்க, கையில பெருசா காசு இல்ல, 80 வாட்னு போட்டு ஒரு டயோடு மெஷின் மலிவா கண்ணுல பட்டிருக்கு, வாங்கிடலாமா.

அந்த 80 வாட்டை முதல்ல முடிச்சிடுவோம். அது லேசரோட வாட் இல்ல. மெஷின் மொத்தமா இழுக்கற கரன்ட்டோட வாட்டா இருக்கும், இல்லன்னா "80 வாட் மெஷின் பண்ற வேலையை இது பண்ணும்"னு அவங்களே கட்டிவிட்ட கணக்கா இருக்கும். இந்த மாதிரி மெஷின்ல லேசர் ஒளியை உண்டாக்கற நீல டயோடுங்கற குட்டி சிப் ஒண்ணு கிட்டத்தட்ட 5, 6 வாட் ஒளிதான் தரும். 10 வாட் வேணும்னா ரெண்டு டயோடை லென்ஸ் வெச்சு ஒண்ணா சேக்கறாங்க, 20 வாட்டுக்கு நாலு, 40 வாட்டுக்கு எட்டு. அதனால விளம்பரத்துல "ஆப்டிகல் அவுட்புட்"னு தனியா ஒரு நம்பர் போட்டிருக்கான்னு தேடுங்க, அதுதான் உங்க மரத்துல வந்து விழற வெளிச்சம், மத்ததெல்லாம் ஸ்டிக்கர். அந்த நம்பரே இல்லன்னா அடாப்டரைப் பாருங்க, 12 வோல்ட் 5 ஆம்பியர்னு இருந்தா மொத்தமே 60 வாட்தான், அதுல மோட்டர், ஃபேன், போர்டு எல்லாம் ஓடணும், மிச்சம் போற கரன்ட்லயும் பாதிக்கு மேல சூடாதான் போகும் (லேசர் தலையில அவ்வளவு பெரிய ஹீட்சிங்க்கும் ஃபேனும் எதுக்கு இருக்குன்னு நினைக்கறீங்க), அப்ப அதுலேர்ந்து 40 வாட் ஒளி வருதுன்னு சொன்னா சிரிச்சிட்டு நகந்துடலாம்.

நான் இதைத் தெரிஞ்சிக்கிட்டது காசைக் கரைச்சுத்தான். முதல்ல வாங்கின மெஷின் டப்பாவுல 40னு கொட்டை எழுத்து. 3 மி.மீ. ப்ளைவுட்டை வெட்ட ஏழு தடவை மேல மேல ஓட்ட வேண்டியிருந்துச்சு, ஓரமெல்லாம் கரிக்கட்டை, தொட்டா கை கருப்பாகும். நமக்குத்தான் செட்டிங் தெரியலன்னு ரெண்டு மாசம் என்னையே திட்டிக்கிட்டேன். அப்புறம் ஒரு நண்பர் லேசர் ஒளியோட வாட்டை அளக்கற பவர் மீட்டர் கொண்டுவந்து வெச்சுப் பாத்தா அஞ்சு வாட்டுக்கு கொஞ்சம் மேல. விஷயம் அவ்வளவுதான்.

சரி, இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். எல்லாரும் வாட்டையே கேக்கறாங்க, ஆனா உங்க சாமான்ல வேலை நடக்குமா நடக்காதான்னு முடிவு பண்றது வாட் இல்ல, ஒளியோட அலைநீளம். ஒரு பொருள் அந்த ஒளியை உள்ள இழுத்துக்கணும், அப்பதான் சூடாகும், கருகும், உருகும். உள்ள இழுக்காம அப்படியே கடந்து போனாலோ திருப்பி அடிச்சாலோ நூறு வாட் இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. மலிவு விலையில கிடைக்கற மெஷின்ல மூணு ஜாதி இருக்கு, மூணுக்கும் ஒளியே வேற.

டயோடு மெஷின்ல வரது 450 நானோமீட்டர் பக்கத்துல இருக்கற நீல ஒளி. கண்ணுக்குத் தெரியற ஒளிங்கறதால ஒரு சுலபமான சோதனை இருக்கு: கலர் இல்லாத ஒரு பொருளுக்குள்ள உங்க கண்ணால பாக்க முடிஞ்சா நீல லேசரும் அதுக்குள்ள போயிடும். கண்ணாடியும் கிளியர் அக்ரிலிக்கும் அதுக்கு திறந்த ஜன்னல் மாதிரி, கீழ இருக்கற பலகைதான் எரியும், மேல இருக்கற அக்ரிலிக் ஒண்ணும் ஆகாம பல்லைக் காட்டும். நீலக் கலர் அக்ரிலிக்கும் அப்படித்தான், பாக்க நல்லா கலரா இருக்கே வெட்டும்னு நினைச்சு ஏமாறுவாங்க. கருப்பு அக்ரிலிக் நல்லா வெட்டும். மரம், தோல், அட்டை, கார்க், துணி, பெயின்ட் அடிச்ச உலோகம், ஆனோடைஸ் பண்ணின அலுமினியம் இதெல்லாம் டயோடுக்கு சுகமான வேலை.

சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) லேசர்ல வரது 10,600 நானோமீட்டர் அகச்சிவப்பு. (இதைக் கண்டுபிடிச்சவர் இந்தியாவுல பிறந்த குமார் பட்டேல், 1964ல பெல் லேப்ஸ்ல இருந்தப்ப. அறுபது வருஷம் தாண்டியும் அக்ரிலிக் வெட்டறதுல அதை அடிச்சுக்க ஆளில்ல.) இந்த அலைநீளத்துக்கு கிளியர் அக்ரிலிக்கும் கண்ணாடியும் சுவர் மாதிரி, அதனால அக்ரிலிக்கை வெண்ணெய் மாதிரி வெட்டும், ஓரம் பாலிஷ் போட்ட மாதிரி பளபளன்னு வரும். கண்ணாடியில மேற்பரப்பு பொடிப்பொடியா விண்டு வெள்ளையா எழுத்து விழும். மரத்துலயும் டயோடைவிட வேகம். ஆனா வெறும் உலோகத்தைக் காட்டினீங்கன்னா அதுக்கு அது முகம் பாக்கற கண்ணாடி, திருப்பி அனுப்பிடும்.

மூணாவது ஃபைபர், கண்ணாடி இழைக்குள்ள உண்டாகற லேசர், 1064 நானோமீட்டர். இது உலோகத்துக்குன்னே இருக்கு, ஸ்டீல், பித்தளை, அலுமினியம், சில வகை பிளாஸ்டிக். மரத்துல ஒண்ணும் உருப்படியா வராது, கிளியர் அக்ரிலிக்ல கடந்து போயிடும். இதே 1064ல 2 வாட் அளவுல சின்ன இன்ஃப்ராரெட் தலை ஒண்ணை டயோடு மெஷினோட சேத்து விக்கறாங்க, சின்ன உலோகத் தகடு, மோதிரம், பேனா இதுக்கெல்லாம் ஆகும், ஆழமா செதுக்கறதுக்கு ஆகாது.

இதுலேர்ந்தே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும், மரம், கிளியர் அக்ரிலிக், வெறும் ஸ்டீல் மூணையும் ஒரே மலிவு மெஷின் பண்ணாது, பண்ணும்னு சொல்றவங்க விக்கறவங்க. அதனால மெஷினைத் தேடறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து கடைசியா வந்த இருபது ஆர்டர் என்ன சாமான்லன்னு எழுதுங்க. ஆசைப்படற ஆர்டர் இல்ல, வந்த ஆர்டர். அதுல பதினஞ்சு மரம்னா நீங்க மரத்துக்கு மெஷின் வாங்கறீங்க, மிச்ச அஞ்சை வெளிய குடுத்து வாங்கிக்கலாம்.

ஸ்டீல் பாட்டில் விஷயத்துல பெரும்பாலான பேர் ஒரு கேள்வியை கஸ்டமர்ட்ட கேக்க மறந்துடறாங்க: அந்த பாட்டில் பவுடர் கோட்டிங் பண்ணினதா, வெறும் ஸ்டீலா? கலர் கோட்டிங் இருந்துச்சுன்னா வேலை சுலபம், நாம ஸ்டீலைத் தொடறதே இல்ல, மேல இருக்கற பெயின்டை மட்டும் எரிச்சு எடுக்கறோம், அடியில ஸ்டீல் வெள்ளையா பளிச்சுன்னு தெரியும், 10 வாட் டயோடே போதும், சிஓ2வும் பண்ணும். எடுத்த இடத்துல கொஞ்சம் மங்கலா படிவு மாதிரி இருக்கும், ஈரத்துணியில துடைச்சா போயிடும். வெறும் ஸ்டீலுன்னா டயோடுல மெதுவா ஓட்டி மேற்பரப்பை சூடாக்கி கருப்பா ஒரு ஆக்சைடு அடையாளம் கொண்டுவரலாம், ஆனா வேகமும் ஃபோகஸும் துளி மாறினாலும் அங்கங்க பழுப்பா அங்கங்க நீலமா வரும், ஒரு பாட்டில் பண்ணலாம், ஐம்பது பாட்டில் ஒரே மாதிரி பண்ண முடியாது. சிஓ2ல பண்ணணும்னா மாலிப்டினம் கலந்த மார்க்கிங் ஸ்ப்ரே அடிச்சு, காய விட்டு, லேசர் ஓட்டி, கழுவணும், அடையாளம் நல்லா உறுதியா நிக்கும், ஆனா ஸ்ப்ரே டப்பா விலையும் நேரமும் லாபத்தைத் தின்னுடும். ஃபைபர்ல எதுவும் அடிக்காம நேரா விழும். இன்னொண்ணு, எந்த லேசரா இருந்தாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ரொம்ப சூடாக்கி ஆழமா செதுக்கினா அந்த இடத்துல துரு வர வாய்ப்பு உண்டு, தினமும் தண்ணி படற சாமானுக்கு ஒரு சாம்பிள் போட்டு ஒரு வாரம் ஈரத்துல வெச்சுப் பாத்துட்டு ஆர்டர் எடுங்க.

பாட்டில் உருளையா இருக்கறதால ரோட்டரின்னு ஒரு சாமானும் வேணும். ரோலர் வகை மலிவு, பாட்டிலை ரெண்டு உருளை மேல படுக்க வெச்சா உருட்டும், ஆனா மேல ஒரு அளவு கீழ ஒரு அளவுன்னு சரிவா இருக்கற டம்ளர் அதுல வழுக்கிட்டே போகும். சக் வகை பிடிச்சுக்கிட்டு சுத்தும், கைப்பிடி வெச்ச மக்குக்கு அதுதான் சரி. மெஷினோட காலை உயரமா ஏத்த முடியுமான்னும் பாத்துக்குங்க, ரோட்டரியும் பாட்டிலும் சேந்து உள்ள போக இடம் இல்லாம செங்கல் அடுக்கி மெஷினை தூக்கி நிறுத்தினவன் நான்.

இப்ப டயோடுன்னு முடிவாச்சுன்னு வெச்சுப்போம், எத்தனை வாட்? ஆப்டிகல்ல 10 வாட் இருந்தா மரத்துல எழுத, தோல்ல எழுத, பாட்டில் கோட்டிங் எடுக்க எல்லாத்துக்கும் போதும், 3 மி.மீ. ப்ளைவுட்டையும் பொறுமையா வெட்டும். வெட்டற வேலை தினமும் இருக்குன்னா 20 வாட், அதுதான் சின்ன பட்டறைக்கு என் கணக்குல நடு இடம். 40 வாட்டுக்கு போறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க, டயோடை அடுக்க அடுக்க புள்ளி பெருசாகும், எட்டு டயோடோட ஒளியை ஒரே புள்ளியில ரெண்டு டயோடு மாதிரி நுணுக்கமா குவிக்க முடியாது. அதனால மரத்துல ஃபோட்டோ போடற வேலைக்கு 40 வாட்டைவிட 10 வாட்ல முகம் தெளிவா வரும், மூக்கும் கண்ணும் கலந்துடாது. சில தலையில பாதி டயோடை அணைச்சு வெக்கற வசதி இருக்கு, வெட்டறதுக்கு முழுசு, எழுதறதுக்கு பாதி, அது இருந்தா நல்லதுதான்.

வேகத்தைப் பத்தி விளம்பரத்துல வர்ற நம்பரை வெச்சு நாள் கணக்கு போடாதீங்க, நான் சொல்ற கணக்கைப் போடுங்க. 100 மி.மீ.க்கு 100 மி.மீ. சதுரத்தை நிரப்பி எழுதணும், கோட்டுக்குக் கோடு 0.1 மி.மீ. இடைவெளின்னா 1000 கோடு, ஒவ்வொண்ணும் 100 மி.மீ., மொத்தம் 100 மீட்டர் தலை ஓடணும். நிமிஷத்துக்கு 6000 மி.மீ., அதாவது நொடிக்கு 100 மி.மீ. வேகத்துல ஓட்டினா 1000 நொடி, கிட்டத்தட்ட 17 நிமிஷம், அதுமேல ஒவ்வொரு கோட்டு முனையிலயும் தலை நின்னு திரும்பற நேரம் வேற. உள்ளங்கை அளவு ஒரு வேலைக்கு இருபது நிமிஷம்னா ஒரு நாளைக்கு எத்தனை முடியும், ஒண்ணுக்கு எவ்வளவு வாங்கலாம்னு இப்பவே தெரிஞ்சிடும். இடைவெளியை 0.12 ஆக்கினாலே கோடு 834க்கு இறங்கிடும், கண்ணுக்கு பெருசா வித்தியாசம் தெரியாது. ஃபைபர் மெஷின்ல தலை ஓடாது, ரெண்டு குட்டிக் கண்ணாடி திரும்பி ஒளியை வீசுது, நொடிக்கு 1000 மி.மீ. சர்வசாதாரணம், அதே சதுரம் ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடியும். ஆனா அதோட இடம் சின்னது, 160 மி.மீ. லென்ஸ்னா வழக்கமா 110க்கு 110 மி.மீ.தான் கிடைக்கும், பெரிய லென்ஸ் போட்டா இடம் கூடும், புள்ளி பெருசாகி வலு குறையும்.

மலிவு சிஓ2 பத்தியும் சொல்லணும், ஏன்னா அக்ரிலிக் எழுத்துதான் முக்கிய வேலைன்னா உங்களுக்கு வேற வழி இல்ல. கே40ன்னு எல்லாரும் சொல்ற அந்த நீலப் பெட்டி மெஷின் பல பேரோட முதல் சிஓ2. 40 வாட்னு பேரு, உள்ள இருக்கற சுமார் 700 மி.மீ. கண்ணாடி டியூப் நிஜமா 30, 35 வாட்தான் குடுக்கும், இருந்தாலும் டயோடு முன்னாடி அது ராஜா. படுக்கை சுமார் 300க்கு 200 மி.மீ. வாங்கின அன்னிக்கே வேலை செய்யும்னு எதிர்பாக்காதீங்க, அது பாதி மெஷின், மீதியை நாமதான் கட்டணும். மூணு கண்ணாடியில பட்டு திரும்பித்தான் ஒளி லென்ஸுக்கு வரும், ஒரு கண்ணாடி லேசா திரும்பியிருந்தாலும் ஒரு மூலையில வெட்டும், எதிர் மூலையில வெட்டாது, டேப் ஒட்டி புள்ளி போட்டுப் பாத்து சரி பண்ண ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க போகும். டியூபுக்குள்ள தண்ணி ஓடணும், டிஸ்டில்ட் வாட்டர்தான், குழாய்த் தண்ணி கரன்ட்டைக் கடத்தும், அழுக்கும் படியும். தண்ணி 25 டிகிரியைத் தாண்டினா வேலையை நிறுத்தி ஆற விடறது என் வழக்கம், தண்ணி ஓடாம ஒரு நிமிஷம் சுட்டாலே டியூப் விரிசல் விட்டுடும், அதனால தண்ணி நின்னா லேசரும் நிக்கற மாதிரி ஃப்ளோ சுவிட்ச் மாட்டாம ஓட்டாதீங்க. மில்லிஆம்பியர் மீட்டர் முள்ளு 15க்கு மேல போகாம பாத்துக்கிட்டா டியூப் நாள் வரும், முழுசா திருகி 20 தாண்டி ஓட்டறவங்க சீக்கிரமே புது டியூப் வாங்கறாங்க. சும்மா வெச்சிருந்தாலும் டியூபுக்கு வயசாகும், அதனால செகண்ட்ஹேண்ட்ல "ரொம்ப யூஸ் பண்ணல"ன்னா சந்தோஷப்படாதீங்க, எந்த வருஷ டியூப்னு கேளுங்க.

அந்த டியூபுக்கு போறது ஆயிரக்கணக்கான வோல்ட், சுட ஆரம்பிக்கறப்ப 15,000க்கு மேலயும் போகும். எர்த் கம்பி சரியா இல்லாத இடத்துல இந்த மெஷினை ஓட்டக்கூடாது, மூடியைத் திறந்து பின்னாடி கையை விடக்கூடாது. இது பயமுறுத்தறதுக்காக சொல்லல, டயோடு மெஷின்ல தப்பு பண்ணினா பலகை போகும், இதுல ஆளே போகலாம்.

அக்ரிலிக் வாங்கறப்ப காஸ்ட்டா (அச்சுல ஊத்தினது) எக்ஸ்ட்ரூடடா (அழுத்தித் தள்ளி எடுத்தது)ன்னு கேட்டு வாங்குங்க. காஸ்ட்ல எழுதினா பனி பூத்த மாதிரி வெள்ளையா வரும், எக்ஸ்ட்ரூடட்ல எழுத்து மங்கி கண்ணாடி நிறமாவே நிக்கும், ஆனா விலை கம்மி, வெட்ட மட்டும்னா அது போதும். வெட்டின அக்ரிலிக்கை ஸ்பிரிட்டோ ஆல்கஹாலோ வெச்சு துடைச்சிடாதீங்க, சூட்டுல உண்டான இறுக்கத்தோட ஆல்கஹால் சேந்து ஓரத்துலேர்ந்து முடி முடியா விரிசல் ஓடும், டெலிவரி குடுத்த மறுநாள் கஸ்டமர் ஃபோன் பண்ணினப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. சோப்புத் தண்ணி போதும்.

எதை லேசர் கீழ வெக்கவே கூடாதுங்கறது எதை வெக்கலாம்ங்கறதைவிட முக்கியம். பிவிசி, வினைல், ரெக்சின் மாதிரி செயற்கைத் தோல் (அதுல நிறைய பிவிசிதான்) எரிஞ்சா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலையும் அரிக்கும், மெஷினோட கம்பியையும் ரெயிலையும் கொஞ்ச நாள்லயே துரு ஏத்திடும். சந்தேகமா இருந்தா செப்புக் கம்பியை சூடாக்கி அந்த பிளாஸ்டிக்கைத் தொட்டுட்டு மறுபடி நெருப்புல காட்டுங்க, பச்சையா சுடர் வந்தா குளோரின் இருக்குன்னு அர்த்தம், தூக்கிப் போடுங்க. ஏபிஎஸ் பிளாஸ்டிக் உருகி வழியும், புகையும் கெடுதல். பாலிகார்பனேட் மஞ்சளாகி கருகும், வெட்டாது. குரோம் போட்டு பதப்படுத்தின தோலும் வேண்டாம், வெஜிடபிள் டேன் தோல் எடுத்துக்குங்க, எழுத்தும் அதுலதான் அழகா வரும். ப்ளைவுட்ல வெளி உபயோகத்துக்குன்னு தண்ணி தாங்கற பசை போட்டது இருக்கே, அதோட பசை லேசருக்கு கல்லு மாதிரி, நடுவுல கட்டி கட்டியா வெட்டாம நிக்கும், நீங்க மெஷினைக் குறை சொல்வீங்க. எம்டிஎஃப் (மரத்தூளை பசையோட அழுத்தின பலகை) நல்லா வெட்டும், ஆனா பசை அதிகம், புகை கண்ணை எரிக்கும்.

புகைன்னதும் சொல்றேன், மெஷினுக்கு ஒதுக்கின காசுல ஒரு பங்கை முதல்லயே தனியா எடுத்து புகையை வெளிய அனுப்பறதுக்கும் மூடின பெட்டிக்கும்னு வெச்சிடுங்க. ஒரே ரூம் பட்டறையில திறந்த மெஷினை ஓட்டினா சாயங்காலத்துக்குள்ள தொண்டை கட்டும், ஒரு மாசத்துல சுவரு மஞ்சளாகும். மூடி வெச்ச பெட்டி, அதுலேர்ந்து ஜன்னலுக்கு குழாய், குழாய் எவ்வளவு குட்டையா நேரா இருக்கோ அவ்வளவு நல்லது. ஃபேனை மெஷின் பக்கம் வெக்காம ஜன்னல் முனையில வெச்சீங்கன்னா குழாய்ல ஓட்டை இருந்தாக்கூட ரூம் காத்து உள்ள போகுமே தவிர புகை வெளிய கசியாது, இது யாரும் சொல்லித்தராத சின்ன சூட்சுமம். ஜன்னல் இல்லாத இடத்துக்கு ஃபில்டர் பெட்டி கிடைக்கும், ஆனா மரமும் எம்டிஎஃப்பும் ஓட்டினா ஃபில்டர் சீக்கிரமே அடைச்சுக்கும், மாத்தற செலவு நிக்காது.

அதோட ஏர் அசிஸ்ட், லேசர் விழற இடத்துல காத்து ஊதற பம்ப். வெட்டறப்ப இது இருந்தா ஓரம் அவ்வளவா கருப்பாகாது, தீ பிடிக்கற வாய்ப்பும் குறையும், அதே வாட்ல ஆழமும் கூடும். இது இல்லாம 20 வாட்டுக்கு ஆசைப்படறதைவிட இது இருக்கற 10 வாட் மேல்.

தீ விஷயத்துல எனக்கு ஒரு விதிதான்: மெஷின் ஓடறப்ப ரூமை விட்டுப் போகறதில்ல. ஒரு தடவை அட்டை வெட்டிட்டிருக்கறப்ப ஃபோன் வந்துச்சு, வாசல்ல நின்னு ரெண்டு நிமிஷம் பேசிட்டு வந்தேன், உள்ள ஒரு சாண் உயரத்துக்கு தீ. பக்கத்துலயே சிஓ2 தீயணைப்பான் இருந்ததால மெஷின் பொழைச்சுது, பவுடர் வகையா இருந்திருந்தா தீ அணைஞ்சிருக்கும், மெஷினும் போயிருக்கும்.

கண்ணு பத்தி சுருக்கமா: இதெல்லாம் நாலாவது வகுப்பு, அதாவது ஆபத்துல உச்ச வகுப்பு லேசர், சிதறி வர்ற ஒளியே கண்ணைக் கெடுக்கும். கண்ணுக்குப் போடற கண்ணாடி வாங்கறப்ப எந்த அலைநீளத்துக்கு, ஓடி (ஒளியை எவ்வளவு தடுக்கும்ங்கற அளவு) எத்தனைன்னு அதோட ஃப்ரேம்ல அச்சடிச்சிருக்கணும், மெஷினோட இலவசமா வர்ற பேர் இல்லாத பச்சைக் கண்ணாடியை நம்பாதீங்க. நீல லேசருக்கு வாங்கினது ஃபைபருக்கு ஆகாது. சிஓ2 மெஷினுக்கு சாதாரண கிளியர் அக்ரிலிக் மூடியே பாதுகாப்பு, ஏன்னா அந்த ஒளி அதைத் தாண்டாது, ஆனா அதே மூடியை டயோடுக்கோ ஃபைபருக்கோ போட்டா மூடி இல்லாததுக்கு சமம். ஃபைபர் ஒளி கண்ணுக்கே தெரியாது, அதனால கண்ணு தானா மூடிக்காது, அதை ரொம்ப மரியாதையா நடத்துங்க.

சாஃப்ட்வேர்ல ஒரே ஒரு கேள்வி, லைட்பர்ன்ல ஓடுமா? காசு குடுத்து வாங்கற சாஃப்ட்வேர்தான், ஆனா தினமும் வேலை செய்யறவங்களுக்கு அது மிச்சப்படுத்தற நேரத்துக்கு விலை ஒண்ணும் பெருசில்ல. ஆரம்பத்துல இலவசமா இருக்கற லேசர்ஜிஆர்பிஎல் போதும், விண்டோஸ்ல ஓடும். ஃபோன் ஆப் மட்டும்தான்னு சொல்ற மெஷின் வேண்டாம், கம்பெனி ஆப்பை நிறுத்தின அன்னிக்கு உங்க மெஷின் பேப்பர் வெயிட். உள்ள ஜிஆர்பிஎல்ங்கற கன்ட்ரோல் ப்ரோக்ராம் ஓடற போர்டுன்னா $32ங்கற பேர்ல இருக்கற செட்டிங் 1ல இருக்கான்னு பாத்துக்குங்க, அதுதான் லேசர் மோடு, இல்லன்னா மூலை திரும்பற இடத்துல எல்லாம் தலை தயங்கி கரும்புள்ளி விழும்.

பிராண்ட் எதுன்னு கேப்பீங்க. ஓர்டூர், ஸ்கல்ப்ஃபன், ஆட்டம்ஸ்டாக், எக்ஸ்டூல்னு பேரெல்லாம் வந்துக்கிட்டே இருக்கும், மாடல் மாறிக்கிட்டே இருக்கும், நான் பாக்கறது வேற: லிமிட் சுவிட்ச் இருக்கா. ஏன்னா அது இருந்தா மெஷினுக்கு தன்னோட மூலை எதுன்னு தெரியும், அட்டையில சாவிக்கொத்து வடிவத்துல இருபது ஓட்டை வெட்டி படுக்கையில ஒட்டிட்டு, ஓட்டையில கட்டையை வெச்சு வெச்சு எடுத்தா ஒவ்வொண்ணுலயும் எழுத்து அதே இடத்துல விழும், இல்லன்னா இருபதையும் கையால நேர் பண்ணணும். அடுத்தது, லென்ஸுக்கு முன்னாடி இருக்கற பாதுகாப்புக் கண்ணாடியை கழட்டி சுத்தம் பண்ண முடியுமா, தனியா வாங்கக் கிடைக்குமா. மெஷின் வலு குறைஞ்சுபோச்சுன்னு புலம்பறவங்கள்ல பாதிப் பேரோட பிரச்சனை அந்தக் கண்ணாடியில படிஞ்ச புகைதான், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சா பழைய வலு திரும்பி வரும்.

வாங்கறதுக்கு முன்னாடி முடிஞ்சா உங்க சாமானையே ஒரு துண்டு குடுத்து எழுதித் தரச் சொல்லுங்க, அவங்க வெச்சிருக்கற சாம்பிள் மரம் எப்பவுமே அழகாத்தான் வரும். வீடியோ காட்டினா வேகம் கூட்டாத வீடியோ கேளுங்க.

உங்க பட்டியலை வெச்சு என் முடிவு: அந்த 80 வாட்டை விடுங்க, ஆப்டிகல் 20 வாட் டயோடு, மூடின பெட்டி, ஏர் அசிஸ்ட், ஜன்னலுக்கு குழாய், பாட்டிலுக்கு சக் ரோட்டரி. காசு பத்தலன்னா 10 வாட்டுக்கு இறங்குங்க, பெட்டியையும் குழாயையும் விட்டுக்குடுக்காதீங்க. கருப்பு அக்ரிலிக்கை நீங்களே வெட்டிக்கலாம், கிளியர் அக்ரிலிக் ஆர்டரை சிஓ2 வெச்சிருக்கறவங்ககிட்ட குடுத்து வெட்டி வாங்குங்க, அவங்களுக்கு மாசாமாசம் குடுக்கற காசை எழுதி வெச்சுக்கிட்டே வாங்க, ஆறு மாசத்துல அது ஒரு சிஓ2 மெஷின் விலையில பாதியைத் தொட்டா அப்ப ரெண்டாவது மெஷினைப் பத்திப் பேசலாம். ஃபைபர் இப்பவே வேணுமான்னு மட்டும்தான் என்னால சொல்ல முடியல, அது அந்த பாட்டிலைப் பொறுத்து இருக்கு. கோட்டிங் இருக்கா, வெறும் ஸ்டீலா, மாசத்துக்கு எத்தனைன்னு கஸ்டமர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுங்க.